குவேசார் திரள்வட்டுகளை நுண் ஈர்ப்பு வில்லையால் அளத்தல்

மிகத் தொலைவில் உள்ள குவேசார்களின் நடுவே, கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வெப்பமான வளிம வட்டு எவ்வளவு பெரியது என்பதை, இடையில் இருக்கும் விண்மீன்களின் ஈர்ப்பு விசையைப் பயன்படுத்தி அளக்கும் வானியல் முறை நுண் ஈர்ப்பு வில்லை முறை எனப்படுகிறது. இந்த வட்டு எந்தத் தொலைநோக்கியிலும் வட்டாகத் தெரிவதில்லை. ஒரு புள்ளியாகவே தெரிகிறது. அந்தப் புள்ளியின் ஒளி ஆண்டுக்கணக்கில் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை மட்டும் கொண்டு வட்டின் அளவைக் கணக்கிடுகின்றனர். ஆகவே இது படம் எடுக்கும் முறை அன்று. செய்திகளில் "குவேசார் வட்டு படம்பிடிக்கப்பட்டது" என்று வருவதைக் காணும் மாணவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

குவேசாரும் அதன் வட்டும்

1963ஆம் ஆண்டு மார்ட்டன் சிமித் என்னும் வானியலாளர் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையை ஆராய்ந்து, அதன் செம்பெயர்ச்சி 0.158 என்று கண்டார். பார்வைக்கு விண்மீன் போல் தெரிந்த அப்பொருள் 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது என்பது அதன் பொருள். அவ்வளவு தொலைவிலிருந்தும் சிறிய தொலைநோக்கியில் தெரிய வேண்டுமானால் அது ஒரு முழு விண்மீன் பேரடையைவிடப் பன்மடங்கு ஒளிர வேண்டும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இன்று ஏற்கப்பட்டுள்ள விடை, பேரடையின் மையத்தில் உள்ள பெருநிறைக் கருந்துளையில் வளிமம் விழும்போது வெளிப்படும் ஆற்றல் என்பதாகும்.

வளிமம் நேராக விழுந்துவிடுவதில்லை. அதற்குக் கோண உந்தம் இருப்பதால் கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டாகப் படிந்து, மெல்ல மெல்ல உள்நோக்கிச் சுருள்கிறது. இதுவே திரள்வட்டு. உள்ளடுக்குகள் விரைவாகவும் வெளியடுக்குகள் மெதுவாகவும் சுற்றுவதால் அவற்றுக்கிடையே உராய்வு ஏற்பட்டு வட்டு சூடாகி ஒளிர்கிறது.

இந்த வட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கை 1973இல் நிகோலாய் சகூராவும் இரசீத் சுன்யாயெவும் வெளியிட்டனர். "மெல்லிய வட்டுக் கோட்பாடு" என்று அது அழைக்கப்படுகிறது. மேனிலைப் பள்ளி இயற்பியல் படித்தவர்கள் அதன் முக்கிய முடிவைத் தாங்களே வருவித்துக்கொள்ள முடியும். வட்டின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் வெளிப்படும் ஆற்றல், மையத்திலிருந்து உள்ள தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஸ்டெஃபான் விதிப்படி அதே ஆற்றல் வெப்பநிலையின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்தால், வெப்பநிலை தொலைவின் முக்கால் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று கிடைக்கிறது. தொலைவு இரண்டு மடங்கானால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 மடங்காகும்.

இத்துடன் வீன் விதியைச் சேர்த்துக்கொள்வோம். சூடான பகுதி நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும், குளிர்ந்த பகுதி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் மிகுதியாக உமிழும். ஆகவே நீல ஒளியில் பார்த்தால் வட்டு சிறியதாகவும், சிவப்பில் பார்த்தால் பெரியதாகவும் இருக்க வேண்டும். கோட்பாட்டின்படி ஆரம் அலைநீளத்தின் 4/3 அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அலைநீளத்தை இரட்டிப்பாக்கினால் வட்டின் ஆரம் 2.5 மடங்காகிறது. எந்த நிறத்தில் அளந்தோம் என்று சொல்லாமல் "வட்டின் அளவு இவ்வளவு" என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

கோட்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்க ஒரு குவேசார் வட்டையாவது அளக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல்.

ஏன் நேரடியாகப் பார்க்க முடியாது

சூரியனைப் போல் 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள வட்டின் புறஊதா ஒளியில் பாதியைத் தரும் பகுதியின் விட்டம் 2000 வானியல் அலகு அளவில் இருக்கும். (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவான 15 கோடி கி.மீ. ஒரு வானியல் அலகு.) நம் சூரியக் குடும்பத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதுதான். நெப்டியூனே 30 வானியல் அலகுத் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் குவேசாரின் தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்த வட்டு வானத்தில் அடைக்கும் கோணம் ஒரு வில்விநாடியில் சுமார் 10 லட்சத்தில் ஒரு பங்கு. நிலவின் மேல் ஒரு கடுகை வைத்துவிட்டு இங்கிருந்து பார்த்தால் அது எவ்வளவு கோணத்தில் தெரியுமோ அவ்வளவு.

அபிள் விண்வெளித் தொலைநோக்கி பிரித்தறியக்கூடிய கோணம் 0.05 வில்விநாடி அளவிலானது. தேவையானதைவிட 50,000 மடங்கு பருமன். 2019இல் எம்87 பேரடையின் கருந்துளை நிழலைக் காட்டிய நிகழ்வெல்லைத் தொலைநோக்கி, பூமியின் பல கண்டங்களில் உள்ள ரேடியோத் தொலைநோக்கிகளை இணைத்துச் செயல்பட்டது. அதுவும் ஒரு வில்விநாடியில் 10 லட்சத்தில் 20 பங்கு வரைதான் பிரித்தறிய வல்லது. ஆகவே வழக்கமான வழியில் இதற்குத் தீர்வு இல்லை. இயற்கையே ஒரு உருப்பெருக்கியை வழியில் வைத்திருந்தால்தான் உண்டு. சில குவேசார்களுக்கு அப்படி வைத்திருக்கிறது.

ஈர்ப்பு வில்லை

நிறையுள்ள எந்தப் பொருளும் தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 வில்விநாடி வளைய வேண்டும் என்று அவர் கணித்தார். 1919ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் முதலியோர் அதைச் சரிபார்த்தனர். ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு நேர் முன்னே வந்தால் பின்னால் உள்ளதன் ஒளி வில்லையில் குவிவது போல் பெருகும் என்று 1936இல் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ரூடி மாண்டல் என்ற பொறியாளர் வற்புறுத்தியதால் எழுதப்பட்டது அது. அத்தகைய நிகழ்வை நேரில் காணும் வாய்ப்பு இல்லை என்றே ஐன்ஸ்டைன் அதில் கருதினார். அடுத்த ஆண்டே ஃபிரிட்ஸ் சுவிக்கி, தனி விண்மீனை விட்டுவிட்டு முழுப் பேரடைகளைப் பாருங்கள், அவை வில்லையாகச் செயல்படும் என்றார்.

சுவிக்கி சொன்னது 1979இல் மெய்ப்பட்டது. டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வேமன் ஆகிய மூவரும் கியூ 0957+561 என்ற இடத்தில் 6 வில்விநாடி இடைவெளியில் இரண்டு குவேசார்களைக் கண்டனர். இரண்டின் நிறமாலையும் செம்பெயர்ச்சியும் ஒன்றே. அவை இரண்டு பொருள்கள் அல்ல. ஒரே குவேசாரின் இரு பிம்பங்கள். இடையில் உள்ள ஒரு பேரடை ஒளியை இரு வழிகளில் வளைத்து அனுப்புகிறது. இரு வழிகளின் நீளம் வேறு என்பதால், குவேசாரில் நேரும் ஒளிமாற்றம் ஒரு பிம்பத்தில் தெரிந்து 417 நாட்கள் கழித்தே மற்றதில் தெரிகிறது. இந்தக் காலத்தாழ்வு பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

வில்லைக்குள் வில்லை

அதே 1979ஆம் ஆண்டு சாங் கியோங்கே, சூர் ரெஃப்ஸ்டால் ஆகிய இருவரும் ஒரு நுட்பமான கருத்தை முன்வைத்தனர். வில்லையாகச் செயல்படும் பேரடை ஒரே சீரான கண்ணாடித் துண்டு அன்று. அது கோடிக்கணக்கான தனித்தனி விண்மீன்களால் ஆனது. குவேசாரின் ஒளி அந்த விண்மீன் கூட்டத்தின் ஊடே வரும்போது ஒவ்வொரு விண்மீனும் தனக்கெனச் சிறு வில்லையாகச் செயல்படும். ஆகவே நாம் காணும் ஒவ்வொரு பிம்பமும் உண்மையில் பல நுண்பிம்பங்களின் தொகுப்பு. அவற்றுக்கிடையே உள்ள கோணம் வில்விநாடியில் 10 லட்சத்தில் ஒரு சில பங்கே என்பதால் அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இயலாது. "நுண்" என்ற அடைமொழி இதனால்தான் வந்தது. ஆனால் விண்மீன்கள் நகர்கின்றன, பேரடையும் நகர்கிறது, நாமும் நகர்கிறோம். நகர நகர நுண்பிம்பங்களின் கூட்டு ஒளி மாறுகிறது. அந்த மாற்றத்தை அளக்க முடியும்.

நம் பால்வழிப் பேரடையில் நுண்வில்லை நிகழ்வு மிக அரிது. 10 லட்சம் விண்மீன்களைக் கண்காணித்தால் ஒரு நேரத்தில் ஒன்று அகப்படும். பல பிம்பங்களாகத் தெரியும் குவேசாரின் நிலை வேறு. அதன் ஒளி வில்லைப் பேரடையின் விண்மீன்கள் செறிந்த பகுதி வழியாகவே வருவதால் நுண்வில்லை விளைவு ஏறக்குறைய எப்போதும் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது.

இப்போது அளவைப் பார்ப்போம். சூரிய நிறையுள்ள ஒரு விண்மீன், குவேசார் இருக்கும் தொலைவில் எவ்வளவு பரப்பின் மேல் தன் குவிக்கும் ஆற்றலைக் காட்டுகிறது? அதை ஐன்ஸ்டைன் ஆரம் என்பர். பொதுவான வில்லை அமைப்புகளில் அது சுமார் 3000 வானியல் அலகு. திரள்வட்டின் எதிர்பார்க்கப்படும் அளவும் அதற்கு அருகில்தான் வருகிறது. இது தற்செயல், ஆனால் முழு முறையும் இந்தத் தற்செயலின் மேல்தான் நிற்கிறது. ஐன்ஸ்டைன் ஆரத்தைவிட மிகப் பெரிய பொருளின் ஒரு மூலை பெருக்கப்பட்டால் இன்னொரு மூலை மங்கும். மொத்தத்தில் மாற்றம் தெரியாது. மிகச் சிறிய பொருளானால் முழுப் பெருக்கமும் தெரியும். இடைப்பட்ட அளவுள்ள பொருளில்தான் ஒளிமாற்றத்தின் வடிவமே அதன் அளவைச் சொல்கிறது.

குளத்தடி ஒளிவலை

தெளிந்த நீருள்ள ஆழமில்லாத குளத்திலோ தொட்டியிலோ வெயில் விழும்போது அடித்தரையில் வலை போன்ற வெளிச்சக் கோடுகள் நெளிவதை எல்லாரும் பார்த்திருப்போம். நீர்ப்பரப்பின் சிற்றலைகள் ஒவ்வொன்றும் வில்லையாகி ஒளியைக் கோடுகளாகக் குவிக்கின்றன. ஒளியியலில் இந்தக் கோடுகளுக்குக் காஸ்டிக் கோடுகள் என்று பெயர். காஸ்டிக் சோடாவில் வரும் அதே சொல்தான். "எரிப்பது" என்பது அதன் கிரேக்கப் பொருள்.

விண்மீன் கூட்டமும் இதே போன்ற ஒரு வலையைக் குவேசார் இருக்கும் தளத்தில் விரிக்கிறது. குவேசார் வட்டு இந்த வலையின் மேல் மெல்ல நகர்ந்து செல்கிறது என்று கற்பனை செய்துகொள்ளலாம். வட்டு ஒரு காஸ்டிக் கோட்டின் மேல் ஏறும்போது ஒளி கூடும், இறங்கும்போது குறையும். சிறிய வட்டு கோட்டைச் சட்டென்று கடந்துவிடும் என்பதால் ஒளி கூர்மையாக உயர்ந்து கூர்மையாக இறங்கும். பெரிய வட்டானால் அதன் முன்விளிம்பு கோட்டைத் தொட்ட பின் பின்விளிம்பு கடக்க நெடுநாள் ஆகும். ஒளி மெதுவாக ஏறித் தட்டையான மேடாகி இறங்கும்.

கணக்குப் பாடத்தில் வரும் "ரயில் ஒரு கம்பத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்" கணக்கு இதுவேதான். ரயிலின் வேகமும் கடக்கும் நேரமும் தெரிந்தால் ரயிலின் நீளம் தெரியும். காஸ்டிக் கோடு கம்பம், வட்டு ரயில். எடுத்துக்காட்டுக்காக, கடக்க 100 நாட்கள் ஆயிற்று என்றும் வேகம் விநாடிக்கு 6000 கி.மீ. என்றும் கொண்டால், 86,40,000 விநாடியை 6000ஆல் பெருக்க 5184 கோடி கி.மீ. கிடைக்கிறது, அதாவது சுமார் 345 வானியல் அலகு.

பேரடைகளின் வேகம் விநாடிக்குச் சில நூறு கி.மீ. தானே, 6000 எங்கிருந்து வந்தது என்று கவனமான மாணவர் கேட்பார். விளக்குக்கு அருகில் கையை ஆட்டினால் எதிர்ச்சுவரில் நிழல் கையைவிடப் பலமடங்கு வேகமாக ஓடுகிறது. அதைப் போல, வில்லைப் பேரடை நமக்கு அருகிலும் குவேசார் மிகத் தொலைவிலும் இருந்தால் ஒளிவலையின் வேகமும் பெருகிவிடும். எல்லா அமைப்புகளிலும் இந்த வசதி இல்லை. பொதுவான ஒரு அமைப்பில் ஒரு ஐன்ஸ்டைன் ஆரத்தைக் கடக்க 10 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.

ஐன்ஸ்டைன் சிலுவை

1985இல் ஜான் ஹுக்ராவும் குழுவினரும் கண்டறிந்த கியூ 2237+0305 இவ்வாய்வுக்கு வாய்த்த அரிய அமைப்பு. பெகாசஸ் விண்மீன் குழுவில் உள்ள ஒரு சுருள் பேரடையின் மையத்தைச் சுற்றி ஒரே குவேசாரின் நான்கு பிம்பங்கள் சிலுவை வடிவில் தெரிகின்றன. வில்லையின் செம்பெயர்ச்சி 0.039 மட்டுமே, தொலைவு சுமார் 50 கோடி ஒளியாண்டு. குவேசாரின் செம்பெயர்ச்சி 1.695, அதன் ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகள் ஆகியுள்ளன. வில்லை இவ்வளவு அருகில் இருப்பதால், மேலே சொன்ன நிழல் கணக்குப்படி ஒளிவலை 10 மடங்குக்கு மேல் விரைந்து நகர்கிறது. பிறவற்றில் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதை இங்கே ஓராண்டிலேயே காணலாம். இன்னொரு வசதியும் உண்டு. நான்கு பிம்பங்களும் ஏறத்தாழச் சமச்சீராக அமைந்துள்ளதால் அவற்றுக்கிடையிலான காலத்தாழ்வு ஒரு நாள் அளவுதான். ஒரு பிம்பம் மட்டும் மாறினால் அது நுண்வில்லை விளைவே என்று உடனே சொல்லிவிடலாம்.

அப்படியே நடந்தது. 1989இல் மைக் இர்வின் குழுவினர் ஒரு பிம்பம் மட்டும் பிரகாசமாவதைக் கண்டு வெளியிட்டனர். குவேசார் ஒன்றில் நுண்வில்லை விளைவு கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. 1997 முதல் போலந்து வானியலாளர்களின் ஓகிள் திட்டம், சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் உள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியால் இச்சிலுவையைத் தொடர்ந்து அளந்தது. பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லை. விடாமல் அளப்பதுதான் முக்கியம். 1999இல் சி என்று பெயரிட்ட பிம்பம் உயர்ந்து இறங்கிய விதத்தை ஆராய்ந்த அட்சுனோரி யோனெஹாரா, ஒளிரும் பகுதி 2000 வானியல் அலகுக்கும் குறைவானது என்று 2001இல் காட்டினார். ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும் பொருளுக்கு இப்படி ஒரு மேல்வரம்பு சொல்ல முடிந்தது சாதாரணச் செய்தி அன்று.

உண்மையில் கணக்கிடும் விதம்

ரயில் கணக்கு கருத்தை விளக்க உதவும். ஆய்வாளர்கள் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. வேகம் சரியாகத் தெரியாது. கம்பம் ஒன்றல்ல, பல. அவை எங்கே நிற்கின்றன என்பதும் தெரியாது.

முதல் வேலை, குவேசாரே தன்னளவில் மின்னுவதைக் கழிப்பது. எல்லாக் குவேசார்களும் ஒழுங்கற்று ஒளி மாறுபவை. அந்த மாற்றம் எல்லாப் பிம்பங்களிலும் ஒரே வரிசையில், காலத்தாழ்வு மட்டும் வேறுபட்டுத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு பிம்பத்தின் ஒளிவரைபடத்தையும் அதற்குரிய நாட்கள் அளவுக்கு நகர்த்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குவேசாரின் சொந்த மாற்றம் மறைந்து, நுண்வில்லை விளைவு மட்டும் எஞ்சும். காலத்தாழ்வுகளை அளப்பதற்கென்றே 2004இல் தொடங்கிய காஸ்மோகிரெயில் திட்டத்தில் சிலி, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளின் தொலைநோக்கிகளோடு, லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் பங்கேற்றது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய தொலைநோக்கி அது.

அடுத்தது, ஒளிவலையைக் கணினியில் உருவாக்குவது. வில்லைப் பேரடையில் பிம்பம் விழும் இடத்தில் எவ்வளவு விண்மீன்கள், எவ்வளவு கரும்பொருள் இருக்கும் என்று மதிப்பிட்டு, விண்மீன்களை ஏதோ ஒரு ஒழுங்கற்ற அமைப்பில் தூவி, கோடிக்கணக்கான ஒளிக்கதிர்களை அனுப்பிப் பார்க்கின்றனர். கதிர்களைக் குவேசாரிலிருந்து அனுப்பாமல் நம்மிடமிருந்து பின்னோக்கி அனுப்புவதுதான் இதில் உள்ள தந்திரம். குவேசாரிலிருந்து அனுப்பினால் பெரும்பாலானவை நம்மை வந்தடையாமல் வீணாகும்; பின்னோக்கி அனுப்பினால் ஒவ்வொன்றும் பயன்படும். கதிர்கள் மிகுதியாக விழும் இடம் பிரகாசமான இடம். 1980களில் ரெஃப்ஸ்டால் குழுவினரும் ஜோவாகிம் வாம்ப்ஸ்கான்ஸும் இம்முறையை வளர்த்தனர்.

பிறகு, அந்த வலையின் மேல் வெவ்வேறு அளவுள்ள வட்டுகளை வெவ்வேறு திசையிலும் வேகத்திலும் ஓடவிட்டு, கிடைக்கும் ஒளிவரைபடங்களை அளந்தவற்றோடு ஒப்பிடுகின்றனர். ஓரிரண்டு அல்ல, பல லட்சம் ஓட்டங்கள். எந்த அளவுள்ள வட்டு அதிக முறை பொருந்துகிறதோ அதற்கு அதிக நிகழ்தகவு. கிறிஸ்டோபர் கோச்சனெக் 2004இல் ஐன்ஸ்டைன் சிலுவைக்கு இவ்வாறு செய்து காட்டினார். இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது அந்த வழியைத்தான். விடை ஒரே எண்ணாக வராது. "பெரும்பாலும் இதற்கும் இதற்கும் இடையே" என்றுதான் வரும்.

இம்முறையின் வலுவின்மையையும் சொல்லிவிட வேண்டும். வேகம் இரு மடங்கு என்று கொண்டால் வட்டின் அளவும் இரு மடங்காகிவிடும். விண்மீன்களின் சராசரி நிறையை மாற்றினாலும் விடை மாறும். வட்டு நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. ஆனால் வட்டின் நுண்ணிய வடிவம் எப்படி இருந்தாலும், பாதி ஒளி வரும் ஆரத்தை மட்டும் நம்பகமாகப் பெறலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

வேகச் சிக்கலைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. நெடுங்காலம் கண்காணிக்காமல், ஒரே இரவில் பல நிறங்களில் பிம்பங்களின் பிரகாச விகிதத்தை அளப்பது. நீல ஒளி வரும் பகுதி சிறியது என்பதால் அதன் விகிதம் இயல்பிலிருந்து மிகவும் விலகும்; சிவப்பில் விலகல் குறையும். அகன்ற நிறமாலைக் கோடுகளை உமிழும் வளிமப் பகுதி ஒளிமாதங்கள் அளவுக்குப் பெரியது. அதற்கும் வெளியே உள்ள தூசியிலிருந்து வரும் அகச்சிவப்பு இன்னும் பெரிய பகுதியிலிருந்து வருகிறது. இவற்றை நுண்வில்லை பெரிதும் பாதிப்பதில்லை. ஆகவே "இயல்பான விகிதம் எது" என்று அறிய இவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

கிடைத்த முடிவுகள்

2010இல் கிறிஸ்டோபர் மார்கன், கோச்சனெக் உள்ளிட்டோர் 11 குவேசார்களின் அளவுகளைத் தொகுத்தனர். 100 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு, 2500 ஆங்ஸ்ட்ராம் புறஊதாவில், வட்டின் அளவுகோல் ஆரம் சுமார் 400 வானியல் அலகு என்று கண்டனர். ஒளி அதைக் கடக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும். (அளவுகோல் ஆரம் என்பது வட்டின் வெப்பநிலை அந்த அலைநீளத்துக்கு ஈடாக இருக்கும் இடம். பாதி ஒளி வரும் ஆரம் அதைப்போல் 2.4 மடங்கு. முன்பு சொன்ன 2000 வானியல் அலகு விட்டம் இதிலிருந்தே வந்தது.) கருந்துளையின் நிறை கூடக்கூட வட்டின் ஆரம், நிறையின் 0.8 அடுக்குக்கு ஏற்ப வளர்ந்தது, பிழைவரம்பு 0.17. மெல்லிய வட்டுக் கோட்பாடு கணிப்பது 2/3 அடுக்கு. பிழைவரம்புக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன.

நிறத்துக்கு ஏற்ப அளவு மாறுவதும் ஏறக்குறைய எதிர்பார்த்தபடியே அமைந்தது. ஐன்ஸ்டைன் சிலுவையை ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியால் நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்த ஐகன்பிராட் குழுவினர், 2008இல் அடுக்கு எண் 1.2 என்றும் பிழைவரம்பு 0.3 என்றும் கண்டனர். கோட்பாட்டின் 4/3 அதற்குள் அடங்குகிறது.

எக்ஸ் கதிரில் நிலைமை வேறு. சந்திரா எக்ஸ் கதிர் விண்ணாய்வகம் அளந்தபோது பிம்பங்களின் விகிதம் கட்புல ஒளியைவிட மிகவும் தாறுமாறாக இருந்தது. எக்ஸ் கதிர் மிகச் சிறிய பகுதியிலிருந்து வருகிறது என்பதே இதன் பொருள். 100 கோடி சூரிய நிறைக்கு ஈர்ப்பு ஆரம் சுமார் 10 வானியல் அலகு. எக்ஸ் கதிர் உமிழும் பகுதி ஏறத்தாழ 10 ஈர்ப்பு ஆரத்துக்குள் அடங்குகிறது என்று ஆர்எக்ஸ் ஜே1131-1231 போன்ற அமைப்புகளின் ஆய்வுகள் காட்டின. கருந்துளைக்கு மிக அருகில், வட்டின் உட்பகுதிக்கு மேலே உள்ள மிகுவெப்ப வளிமமே இதன் மூலம் என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது.

பொருந்தாத ஒன்று

இதுவரை சொன்னவை கோட்பாட்டுக்கு ஆதரவானவை. எதிரான சான்றும் உண்டு. என் கருத்தில் இந்தத் துறையின் சுவையே அங்குதான் இருக்கிறது.

ஒரு குவேசார் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதையும் அதன் தொலைவையும் வைத்து, வட்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று மெல்லிய வட்டுக் கோட்பாட்டால் நேரடியாகக் கணக்கிடலாம். குறிப்பிட்ட வெப்பநிலையில் உள்ள பரப்பு இவ்வளவுதான் ஒளிர முடியும் என்பதால், மொத்த ஒளி தெரிந்தால் பரப்பும் தெரியும். இப்படிக் கிடைக்கும் அளவு, நுண்வில்லையால் கிடைக்கும் அளவைவிடச் சிறியதாக இருக்கிறது. டேவிட் பூலி குழுவினர் 2007இல் பத்து நான்பிம்பக் குவேசார்களை ஆராய்ந்து, கட்புல ஒளி வரும் பகுதி கோட்பாடு சொல்வதைவிட 3 முதல் 30 மடங்கு வரை பெரியது என்றனர். பிந்தைய ஆய்வுகள் இந்த வேறுபாட்டைக் குறைத்தன. ஆனாலும் 2 முதல் 4 மடங்கு வேறுபாடு பலவற்றில் நீடிக்கிறது.

வேகத்தைத் தவறாக மதிப்பிட்டதால் வந்த பிழையாக இருக்கலாமே என்று ஐயுறலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் நுண்வில்லைக்குச் சிறிதும் தொடர்பில்லாத இன்னொரு முறையும் அதையே சொல்கிறது. என்ஜிசி 5548 என்ற அருகிலுள்ள பேரடையின் மையத்தை 2014இல் அபிள், ஸ்விஃப்ட் ஆகியவற்றோடு பல தரைத் தொலைநோக்கிகளும் சேர்ந்து கண்காணித்தன. மையத்தில் ஏற்படும் ஒளிமாற்றம் முதலில் புறஊதாவிலும், சற்றுப் பின் நீலத்திலும், அதன் பின் சிவப்பிலும் தெரிந்தது. அந்தத் தாழ்வை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வட்டின் அளவு கிடைக்கும். அங்கும் வட்டு, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 3 மடங்கு பெரிதாக இருந்தது.

இரண்டு வேறு முறைகள் ஒரே திசையில் விலகினால் குறை அளவில் இல்லை, கோட்பாட்டில் இருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. ஜேசன் டெக்ஸ்டரும் எரிக் அகோலும் 2011இல் ஒரு விளக்கம் தந்தனர். வட்டு சீராகச் சூடாக இல்லாமல், ஆங்காங்கே வெப்பத் திட்டுகள் தோன்றி மறைகின்றன என்று கொண்டால், வெளிப்பகுதியிலும் நீல ஒளி வரும். வட்டு பெரிதாகத் தோன்றும். வட்டிலிருந்து வீசும் காற்று, உள்ளிருந்து வரும் ஒளியைச் சிதறச் செய்து பரப்பிக் காட்டுகிறது என்பது இன்னொரு விளக்கம். வட்டைச் சுற்றியுள்ள வளிமத்தின் ஒளி கலந்துவிடுகிறது என்பாரும் உண்டு. எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை. இதன் விடையைப் பொறுத்தே, கருந்துளைகள் எவ்வளவு வேகத்தில் வளிமத்தை விழுங்கி வளர்கின்றன என்ற கணக்கும் மாறும்.

இனி வரும் தரவுகள்

பல பிம்பங்களாகத் தெரியும் குவேசார்கள் இப்போது சில நூறு அளவில்தான் அறியப்பட்டுள்ளன. அவற்றிலும் நெடுங்காலம் கண்காணிக்கப்பட்டவை மிகச் சில. சிலியின் செரோ பச்சோன் மலையில் 8.4 மீட்டர் கண்ணாடியுடன் அமைந்துள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025இல் தன் முதல் படங்களை வெளியிட்டது. தென்வானம் முழுவதையும் ஆறு நிற வடிகட்டிகளில் 10 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுப்பது அதன் திட்டம். இதில் ஆயிரக்கணக்கான புதிய வில்லைக் குவேசார்கள் கிடைக்கும் என்று வானியலாளர்கள் எதிர்பார்க்கின்றனர். ஒரு பிம்பம் காஸ்டிக் கோட்டை நெருங்கி ஒளி ஏறத் தொடங்கியதும் அதை உடனே கவனித்து, எக்ஸ் கதிர் விண்ணாய்வகங்களையும் பெருந்தொலைநோக்கிகளையும் அப்பக்கம் திருப்பவும் முடியும். கோடு வட்டின் மேல் ஊர்ந்து செல்லும் சில வாரங்களில் நிறம் நிறமாக அளந்துகொண்டே வந்தால், வட்டின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்பதைப் படிப்படியாகப் பெறலாம்; வெப்பத் திட்டுகள் இருந்தால் ஒளிவரைபடத்தில் அவை சிறு மேடுகளாகத் தெரிய வேண்டும்.